பின்னால் வந்து பார்க்கிறவன்

அக்கா கதவைப் பூட்டினால் நாலு படி இறங்குவாள், மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். மறதியால் இல்லை. பயத்தாலும் இல்லை. பூட்டியது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"தெரியும்டி. தெரிஞ்சாலும் ஒருவாட்டி பாத்துட்டா இன்னா கொறைஞ்சிடப் போவுது?" என்பாள்.

போன் நம்பர் எழுதிக் கொடுத்தால் கடைசியிலிருந்து முன்னால் வந்து படித்துப் பார்ப்பாள். சோற்றுக்கு உப்புப் போட்டால் பத்து நிமிடம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். தான் பேசின பேச்சையும் அப்படித்தான். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பேச்சுவாக்கில் பாம்புக்குக் காது கிடையாது என்றாள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் குளித்துக்கொண்டிருக்கிறேன், பாத்ரூம் கதவைத் தட்டுகிறாள்.

"அன்னைக்குப் பாம்புக்குக் காதே இல்லன்னு சொன்னேன் பாரு, அது தப்புடி. வெளிக்காதுதான் கிடையாது. உள்ள கீது."

"சரிக்கா, தண்ணி காதுல போகுது" என்றேன்.

"போவட்டும். தப்பா மனசுல வெச்சிக்காத, அதான் சொல்ல வந்தேன்."

அவள் பெயரை எழுதமாட்டேன். அந்தக் குடும்பத்தில் இன்னும் கல்யாணம் ஆகவேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்து வாங்கின சத்தியம் அது. அக்கா என்றே இருக்கட்டும். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். அவள் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். மூன்றாவதாக ஒரு பெண் எப்போதும் இருப்பாள், நாலு மாதத்துக்கு ஒருத்தி மாறிக்கொண்டிருப்பாள். எங்கள் கம்பெனி ஒரகடம் போகிற ரோட்டில் இருந்தது. கார்களுக்குள் வைக்கிற சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிற கம்பெனி. எனக்குப் பேக்கிங். அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, போர்டில் ஈயம் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவள் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் பதிந்திருக்கும். அதைத் தேய்த்துக்கொண்டே வருவாள், இன்னும் எங்கேயோ உள்ளே இருப்பவள்போல.

அவள் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி. எம்.எஸ்ஸி. முதல் வருடத்தில் நிறுத்திவிட்டாள். அட்டை கிழிந்த தடிமனான ஒரு பாடப்புத்தகம் பாலிதீன் கவரில் சுற்றி அவள் தலைமாட்டில் இருக்கும். அதை அவள் படித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதில் இருந்தவர்களைப் பற்றி ஓயாமல் பேசுவாள். ஆமாம், இருந்தவர்கள். புரோட்டீன்களை அவள் ஆள்களாகத்தான் பேசுவாள். அவன் வந்தான், அவன் பிரித்தான், இவன் பிடித்துக்கொண்டான் என்று. முதல் மாதம் நான் அவளுடைய ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுகிறாள் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொட்டை மாடியில் என் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தோம். ஈரத்தோடு இறுக்கிப் பின்னியிருந்த சடை, நடுவில் சிக்கு விழுந்துவிட்டது. அக்கா பின்னால் உட்கார்ந்து மேலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

"பாரு, மேல பிரிக்கப் பிரிக்க கீழ முறுக்கு ஏறுது. உனக்கு வலிக்குது. உள்ளயும் இதே கதைதான். செல்லுக்குள்ள டி.என்.ஏ. ரெண்டு இழையா முறுக்கிகினு இருக்கும். ஒருத்தன் வந்து பிரிப்பான், ஹெலிகேஸ். அவன் பிரிக்கப் பிரிக்க முன்னால முறுக்கு ஏறி இறுகிடும். அப்போ இன்னொருத்தன் முன்னால போயி, இழைய ஒரு வெட்டு வெட்டி, முறுக்கைச் சுத்தி விட்டுட்டு, மறுபடி ஒட்டிடுவான். வெட்டினவனே ஒட்டணும். மறந்தான்னா செத்தோம்."

"என் முடிய வெட்டிராதீங்க!"

"அவன மாதிரி ஒட்டத் தெரியாதே எனக்கு, எப்படி வெட்டுவேன்?" என்று சிரித்தாள். பிரித்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என் தலை நெடுகக் கிளிப்பு மாட்டினாள். அதற்கும் ஆள் இருக்கிறார்களாம். பிரிந்த இழைமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒன்றோடொன்று சேரவிடாமல் பார்த்துக்கொள்வார்களாம். வேறு வேலையே கிடையாதாம் அவர்களுக்கு.

மாசி மாத வெயில். தூரத்தில் பெங்களூர் ரோட்டில் கார் ஏற்றிப்போகிற நீள லாரிகள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன. அக்காவின் விரல் முடிக்குள் ஊர்ந்து ஊர்ந்து போனது. எனக்குக் கண் சொருகிற்று. என் தலைக்குள்ளும் கைக்குள்ளும் காலுக்குள்ளும் யார் யாரோ குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது. அவர்கள் பேசிக்கொள்வது இல்லை. ஒருத்தர் விட்ட இடத்தில் அடுத்தவர் கை வைக்கிறார்.

மார்கழியில் காலை ஷிப்டுக்குப் போகும்போது பஸ் கண்ணாடியில் எல்லோர் மூச்சும் பட்டு ஆவி படிந்திருக்கும். வெளியே ஏரிமேல் பனி வெள்ளையாகக் கிடக்கும், கம்பெனி விளக்குகள் அதற்குள் மிதக்கும். அந்தக் கண்ணாடியில் விரலால் கோடு போடுவாள். ஒரு கோடு இரண்டாகப் பிரிகிற மாதிரி.

"செல்லு ரெண்டாவறதுக்கு முன்னாடி உள்ள அந்த இழையில கீற எழுத்து மொத்தத்தையும் ஒரு நகல் எடுக்கணும். எடுக்கிறவன் பாலிமரேஸ். அவன்கிட்ட ரெண்டு கோளாறு. தானா ஆரம்பிக்கத் தெரியாது. முதல் சில எழுத்த வேற ஒருத்தன் போட்டுக் குடுக்கணும். அப்பறம், ஒரே பக்கமாதான் ஓடுவான்."

"அப்ப எதிர்ப்பக்கம் போற கோட்டுக்கு?"

"அதான் கஷ்டம். கொஞ்சம் பிரிஞ்சதும் ஓடிவந்து முடிப்பான். இன்னும் கொஞ்சம் பிரிஞ்சா மறுபடி மேல போயி ஆரம்பிச்சி ஓடிவருவான். துண்டு துண்டா நிக்கும். அத்த ஒட்டறதுக்குன்னே ஒருத்தன் கீறான்." கண்ணாடியில் குட்டிக்குட்டியாகக் கோடு போட்டு, அவற்றை விரல் நுனியால் இணைத்தாள். எங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு வேகத்துல எழுதினா தப்பு வராதா?" என்று நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"வரும்" என்றாள். "வந்தா அவனுக்கே கை உறுத்தும். ஒரு அடி பின்னால போயி அத்த எடுத்துப் போட்டுட்டு சரியா போடுவான். அவனுக்கும் தப்பிச்சி ஏதாவது நின்னுடும். அதுக்கு ஒருத்தன் பின்னாலயே வருவான். நகல் எடுத்த இடத்தத் தடவிகினே வருவான். ரெண்டு எழுத்து பொருந்தலன்னா அந்த எடத்துல ஒரு சின்ன மேடு தட்டும். அங்க நிப்பான். ஆளுங்களக் கூப்புடுவான். அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு மறுபடி எழுத வெப்பான்."

"அவன் பேரு என்ன?"

சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. எத்தனையோ பேரைப் பற்றிப் பேசியிருக்கிறாள், ஆனால் இவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். ஆசையால் என்று அப்போது நினைத்தேன்.

இந்தப் பின்னால் போய்ப் பார்க்கிற குணத்தால் ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் கஷ்டம் வந்தது. ஷிப்டு முடிந்து எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பஸ் கேட்டைத் தாண்டப் போகிறது. அக்கா எழுந்து நின்றாள். "அண்ணே, நிறுத்துங்க." இறங்கி உள்ளே ஓடினாள். கடைசி அரைமணியில் ஒரு போர்டைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம். பேக் செய்து அடுக்கியிருந்த லாட்டைத் திறக்கவேண்டும் என்றாள். பேக் செய்தவர்கள் நாங்கள், அதனால் எங்களையும் கூப்பிட்டார்கள்.

சூப்பர்வைசருக்குக் கோபம். "ஓ.டி. பாக்கச் சொன்னா முடியாதுங்கிறீங்க. இதுக்கு மட்டும் நேரம் இருக்கா?"

"சார், நான் பாத்தது எனக்கே திருப்தியா இல்ல சார்."

ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தோம். அவள் ஒவ்வொன்றாக லென்ஸுக்கடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் தப்பு இல்லை. ஒன்றில்கூட. பஸ் போய்விட்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோம். யாரும் அவளோடு பேசவில்லை. ஒரு வாரம் கேன்டீனில் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். நானும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே இல்லியேக்கா. எதுக்கு இந்தப் பாடு?" என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"இல்லன்னு தெரிஞ்சிடுச்சில்ல?" என்றாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இவளோடு எப்படி ஒருத்தன் குடும்பம் நடத்துவான் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அவள் ஊருக்குப் போனோம். அவளுடைய சித்தப்பாவின் மகளுக்குக் காதுகுத்து. பந்தல், ஸ்பீக்கர், பிரியாணி வாசனை, வெளியே வரிசையாக பைக்குகள். எல்லாம் ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் பைக்குகள். சாப்பிட்டுவிட்டு நான் அவளைத் தேடினேன். பந்தல் ஓரத்தில் பெரியம்மாவுக்கு, அவள் அப்பாவின் அண்ணன் மனைவிக்கு, முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டு. வம்சாவளி மாதிரி வட்டமும் கட்டமுமாகக் கோடு இழுத்து வைத்திருந்தாள். சில கட்டங்களைக் கறுப்பாக நிரப்பியிருந்தாள்.

"தாத்தா இன்னா வந்து செத்தார் பெரியம்மா? அப்ப அவருக்கு இன்னா வயசு இருக்கும்?"

"வயித்துநோவுதான். நாப்பதோ என்னவோ."

"நடு அத்தைக்கு?"

"கர்ப்பப்பையில கட்டி. அதுக்கு ஒரு நாப்பத்தஞ்சி இருக்கும். ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு செத்தவங்கள எழுதிகினு கீற?" பெரியம்மாவின் குரல் உயர்ந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் அம்மா ஓடிவந்து நோட்டைப் பிடுங்கினார்.

"வாயத் தொறக்காதன்னு எத்தினிவாட்டி சொல்லிக்கீறேன்? இந்த வூட்டுல இப்டி ஒரு வியாதி கீதுன்னு தெரிஞ்சா உன்னை யார் கட்டுவான்? உன் தங்கச்சிய யார் கட்டுவான்?"

அக்கா கையை நீட்டி நோட்டைத் திரும்பக் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை. "சரி, மனசுல கீது" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸுக்காக ஏரிக்கரைப் பக்கம் காத்திருந்தோம். சாயங்காலம். தண்ணீர் நிறையக் கிடந்தது. நடுவில் பட்டுப்போன கருவேல மரங்களில் வெள்ளைக் கொக்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் சொன்னாள்.

அவளுடைய அப்பா டிராக்டர் ஓட்டியவர். வயிறு வலித்தது. ரத்தம் போயிற்று. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல் முழுக்கப் பரவியிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். குலசாமிக் குத்தம் என்றார்கள், கிடா வெட்டினார்கள். ஆறு மாதம் கழித்து எம்.எஸ்ஸி. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலேயே வந்து பிழை பார்க்கிற அந்தப் புரதத்தைப் பற்றிப் பாடம். பாடத்தின் கடைசியில் மூன்றே வரி. சில குடும்பங்களில் இந்தப் புரதத்தைச் செய்கிற எழுத்திலேயே பிறவியில் தப்பு இருக்கும், அந்தக் குடும்பங்களில் சின்ன வயதிலேயே குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோய் வரும் என்று.

"மேல ஃபேன் சுத்திகினு இருந்தது. அந்த மூணு வரிய எத்தினிவாட்டி படிச்சேன்னு தெரியல. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. பக்கத்துல யாரோ வந்து லைட்ட அணைச்சாங்க."

"எல்லாருக்கும் வந்துருமாக்கா?"

"இல்லடி. அப்பாகிட்ட இருந்து வரவும் வரலாம், வராமலும் போவலாம். பாதிக்குப் பாதி. யார் யாருக்குன்னு தெரிஞ்சிகினா வருஷா வருஷம் உள்ள பாத்துகினே வரலாம். கட்டியாவறதுக்கு முன்னாடியே எடுத்துடலாம். ஆனா அப்பாகூடப் பொறந்தவங்க ஒருத்தராவது வந்து பாத்தாதான் எந்த எழுத்துல தப்புன்னு தெரியும், அங்கருந்துதான் ஆரம்பிக்க முடியும். யாரும் வரமாட்டறாங்க."

அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சித்தப்பா, அந்தக் காதுகுத்து வீட்டுக்காரர், கம்பெனி பஸ் ஓட்டினார். எங்கள் கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. நாற்பத்தோரு வயது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் அவருடைய பஸ் ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரத்தடியில் நிற்கும். காலை ஷிப்டு முடிந்ததும் அக்கா நேராக அங்கே போவாள். பல நாள் நானும் கூடப் போயிருக்கிறேன்.

முதல் நாள் சித்தப்பா சிரித்தார். "எனக்கு இன்னா கொறச்சல்? கல்ல தின்னாலும் கரையுது" என்றார். இரண்டாவது வாரம் கோபம் வந்துவிட்டது.

"எங்கண்ணன் செத்தான்னா நானும் சாவணுமா? பெத்த பொண்ணு மாதிரி நெனச்சிகினு கீறேன், உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"நீ நல்லாயிருக்கணும்னுதான் சித்தப்பா வரேன்."

"வராத." பஸ் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தார். அக்கா வெளியே நின்றாள். புங்கம்பூ உதிர்ந்து அவள் தலைமேலும் பஸ் மேலும் விழுந்துகொண்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். நாலாவது வாரத்திலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போய்ப் படிக்கட்டில் உட்காருவாள். அவர் வீட்டு விஷயம், பிள்ளைகள் படிப்பு, என்னென்னவோ பேசுவாள். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவரும் போகச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசமா ரத்தம் போவுது. மூலம்னு நெனச்சிகினு கீறேன்."

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது. ஆனால் அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு எனக்கு லீவு சித்தப்பா. பட்டணம் போயி பாத்துட்டு வந்துடலாம்."

"வண்டிக்கு ஆளு?"

"சொல்லிட்டு வா."

அவர் தலையை ஆட்டினார்.

சென்னை அரசு ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. இன்னும் சுவரைத் தாண்டவில்லை. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து ஒட்டினார்கள். நாலு மாதத்தில் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசங்களுக்கும் வருமா?" என்பதுதானாம். அவர் பிள்ளைகள் சின்னதுகள். பதினெட்டு வயது ஆகட்டும், அப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெட்டியெடுத்த கட்டியைச் சாயம் போட்டுப் பார்த்தபோது, அக்கா சந்தேகப்பட்ட அந்தப் புரதம் அதில் இல்லவே இல்லை. வேறு இடமெல்லாம் பழுப்புச் சாயம் ஏறியிருந்தது, கட்டி இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்ததாம். டாக்டரிடம் கெஞ்சி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அவன் நிக்க வேண்டிய எடம்லாம் காலியா கீதுடி" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவும் தங்கச்சியும் ரத்தம் கொடுத்தார்கள். சில வாரத்தில் ரிசல்ட் வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று போன் வந்தது. சனிக்கிழமை போகலாம் என்றாள். சனிக்கிழமை வந்ததும் துணி ஊறவைத்தாள். அடுத்த சனிக்கிழமை ஓ.டி. இருக்கிறது என்று போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் தலைவலி என்றாள். மூன்று வருடத்தில் அவள் தலைவலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாலிதீன் கவரைப் பிரித்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். "அக்கா, நா வாரேன். போவோம்" என்றேன்.

"போவலாம்டி. இன்னொரு நா போவலாம்."

"சித்தப்பாவ எத்தன நாள் போயிக் கூப்பிட்டீங்க? நா நாளைக்கும் கூப்பிடுவேன், நாளான்னிக்கும் கூப்பிடுவேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ஒரு இளம்பெண். தாளை எங்கள் பக்கம் திருப்பிவைத்து நிதானமாகச் சொன்னார். தங்கச்சிக்கு இல்லை. அக்காவுக்கு இருக்கிறது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "தங்கச்சிக்கு இல்லன்றது உறுதியா மேடம்?"

"உறுதிதாம்மா."

"ரத்தம் மாறியிருக்காதே?"

"மாறல. உங்களுக்கு வேணும்னா இன்னொருவாட்டி பார்க்கலாம்."

"பாக்கணும் மேடம்" என்றாள். மறுபடி பார்த்தும் அதேதான் வந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்து வந்தோம். தாம்பரம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கப்பா சாவும்போது ஒண்ணுமே குடுக்கல எனக்கு. ஒரு வார்த்தகூட பேச முடியல அவரால. மூக்கு கூட அம்மா மாதிரிதான் எனக்கு. தங்கச்சிதான் அப்பா ஜாடை. எனக்கு ரொம்ப நாளா அதுல ஒரு கொறை." சிரித்தமாதிரி இருந்தது. "இது அவரோடது. அவர் உடம்புல இருந்து ஒரு எழுத்துகூட மாறாம வந்திருக்கு. நகல் எடுத்தவன் அன்னைக்குத் தப்பே பண்ணல, பாத்தியா? தப்ப அப்டியே சரியா எழுதிக் குடுத்துட்டான்."

வண்டலூர் மரங்கள் வந்தன, போயின.

அதற்குப் பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. அம்மா சொல்ல வேண்டாம் என்று அழுதார். அக்கா அந்தப் பையனை ஒரு டீக்கடையில் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். "நல்ல மனுசன்டி. கெளம்பறப்போ, உடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போனார்" என்றாள். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் வெகுநேரம் நின்றிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகி கோவில்பட்டிக்கே திரும்பி எட்டு வருடம் ஆகிறது. அக்கா நிறுத்திய படிப்பை முடித்துவிட்டாள், ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். தனியாகத்தான் இருக்கிறாள். வருடா வருடம் உள்ளே பார்த்துக்கொள்கிறாள். இரண்டுமுறை சின்னதாக முளைத்ததைக் கண்டுபிடித்து அப்போதே எடுத்துவிட்டார்கள். பெரியம்மா மகன்கள் இரண்டு பேர் தாங்களாகவே போய் ரத்தம் கொடுத்தார்கள். சித்தப்பா இன்னும் பஸ் ஓட்டுகிறார்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முதல்முறை குழாய்ப் பரிசோதனைக்குப் போன அந்த நாள்தான். துணைக்குச் சித்தப்பா வந்திருந்தார், லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு. நானும் போயிருந்தேன். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனதும் அவர் பெஞ்சில் உட்காரவே இல்லை. அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்து நின்றார். "எனக்குப் பாத்தப்பகூட இவ்ளோ பயமில்லம்மா" என்று என்னிடம் சொன்னார்.

ஒருமணி நேரம் கழித்து ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, மயக்கம் தெளிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நர்ஸ் சொன்னார். சித்தப்பா சுவரில் சாய்ந்துகொண்டு மேலே பார்த்துக் கும்பிட்டார். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் அவள் காலடியில் விழுந்திருந்தது. வெகுநேரம் கழித்து அவள் கண் பாதி திறந்தது. எங்கேயோ ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவள்போலப் பார்த்தாள். குனிந்து நின்ற சித்தப்பாவின் முகத்தில் அந்தப் பார்வை வந்து நின்றது.

"அப்பா" என்றாள்.

சித்தப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியில் கை வைத்தார்.

"இன்னாம்மா? இங்கதான் கீறேன். தூங்கு."

அவள் தூங்கிப்போனாள்.